வண்டியில் கட்டிய கயிறு

கயிற்றிலிருந்து கையை எடுக்கக் கூடாது. வீரபாண்டியின் வேலையே அவ்வளவுதான். அரபு நாட்டில், சலாலா மலையடிவாரத்தில் ஒரு விடுதியின் கழிவுத் தொட்டிக்குள், பதினைந்தடி ஆழத்தில், யாழ்ப்பாணத்துச் சுஜந்தன் சேறு வாரிக்கொண்டிருந்தான். கயிற்றின் ஒரு முனை அவன் இடுப்புப் பட்டையில், மறுமுனை மேலே இவர் கையில். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இவர் இழுக்க வேண்டும். பதிலுக்கு அவன் ஒன்று இழுத்தால் நல்லபடியாக இருக்கிறான் என்று அர்த்தம்.

"அண்ணை, கயித்தை விட்டிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினான்.

பாழாய்ப்போன மேகம் அந்த நேரம் பார்த்தா விலக வேண்டும்? மலை முழுக்கப் பச்சை! வீரபாண்டி முதுகுளத்தூர்க்காரர், வெயிலை மட்டுமே வயிறு நிறையப் பார்த்து வளர்ந்த மனுஷன். நாலு வருஷமாக இந்த மழைக்காலத்தில் இதே ஊரில் இருந்தும் அவர் கண் தொட்டி வாயை விட்டு நகர்ந்ததில்லை. பாறை இடுக்கில் வெள்ளையாகத் தண்ணீர் கொட்டியது. கீழே ஒட்டகங்கள் நனைந்தபடி நின்றன. விடுதியின் சுற்றுச்சுவர் பாதியை மறைத்தது.

ரெண்டே நிமிஷம். பக்கத்தில் நின்ற டேங்கர் லாரியின் பின்கொக்கியில் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டுச் சுவரைத் தாண்டிப் போனார்.

டிரைவர் முகம்மது சித்தீக்குக்கு அது தெரியாது. பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்தது. "யல்லா, யல்லா!" என்று காவலாளி வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தினான். சித்தீக் வண்டியை எடுத்தார்.

தொட்டிக்குள்ளிருந்து வந்த அலறல் கேட்டு வீரபாண்டி சுவரைத் தாண்டிக் குதித்து வந்தார்.

"நிப்பாட்டுங்க பாய்! நிப்பாட்டு!"

என்ஜின் சத்தத்தில் எவன் காதில் விழும்? ஓடிப்போய்க் கல்லை எடுத்துக் கேபின் கண்ணாடியை அடித்து நொறுக்கினார். சில்லு சித்தீக்கின் கன்னத்தைக் கிழித்தது. வண்டி நின்றது. அதற்குள் சுஜந்தன் தொட்டியின் வாயில் மோதிச் சிக்கியிருந்தான். கயிற்றுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே வலது கை நசுங்கி, எலும்பு வெளியே தெரிந்தது.

கயிற்றை அறுத்து இருவரும் அவனை வெளியே தூக்கிக் கிடத்தினார்கள். அடுத்த நொடி சித்தீக்கின் முஷ்டி வீரபாண்டியின் வாயில் இறங்கியது.

"உசுர என் வண்டியில கட்டிப்போட்டுட்டு எங்கடா போன?"

"மலையப் பாக்கப் போனேன் பாய்."

"மலையவா?" சித்தீக் கீழே தள்ளி விலாவில் உதைத்தார். வீரபாண்டி கையைத் தூக்கவே இல்லை. இன்னும் நாலு விழுந்தால்கூடத் தகும் என்றுதான் அவருக்குப் பட்டது.

"அடியாதேங்கோ..." சுஜந்தன் முனகினான். இரத்தத்துக்கு நடுவே கண்ணைத் திறந்து வீரபாண்டியைத் தேடினான்.

"மலை வடிவா இருந்ததோ அண்ணை?"

வீரபாண்டி ஓவென்று அழுதார். மலைப்பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை, அறுத்துப்போட்ட அந்தக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.