மஞ்சள் டேப் சுற்றிய மெஷின்

தூங்குமூஞ்சி மரம் கபரஸ்தான் கேட்டை அடைத்துக்கொண்டு விழுந்து கிடந்தது. அதைச் சுற்றி ஒரு தெருவே நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. ராயபுரத்தில் யோசனைக்கு என்றைக்குப் பஞ்சம் வந்திருக்கிறது? கயிறு கட்டி இழுக்கலாம் என்றான் ஒருத்தன். கிரேன் வரட்டும் என்றான் இன்னொருத்தன், இந்தச் சந்துக்குள் ஆட்டோவே திரும்ப முடியாது என்பது தெரியாத மாதிரி. இரண்டு பேர் கோடாலியால் கொத்திக்கொண்டிருந்தார்கள். ராத்திரி மழையில் ஊறிய மரம். ஒவ்வொரு கொத்துக்கும் கோடாலி சிக்கிக்கொள்ள, அதைப் பிடுங்கிப் பிடுங்கியே அவர்களுக்கு நாக்கு தள்ளிவிட்டது. போனில் படம் பிடிக்கிறவர்களுக்கு மட்டும் கை ஓயவில்லை. தோளில் கோணிப்பையோடு வந்த அமீருதீன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். தண்டக் கூட்டம் என்று நினைத்தான். வாய்விட்டே நினைத்திருப்பான் போல, பக்கத்தில் நின்றவர் முறைத்தார்.

காலையில் சபீஹாதான் போன் செய்தாள். அமீருதீனின் தங்கை, மஜீதின் பெண்டாட்டி. மஜீதோடு பேச்சு நின்று மூன்று வருஷமாகிறது, அதனால் தங்கை வீட்டு வாசலையும் அவன் மிதிப்பதில்லை.

"அண்ணே, மாமி மவுத்தாயிட்டாங்க. மரம் வுழுந்து கபரஸ்தான் கேட்டு அடைச்சிகினு கீது. அவரு ரம்ப மெஷின்ல இஞ்சின் பூட்ச்சாம். ஒன் மெஷினை எடுத்துகினு வாண்ணே. வரலைன்னு மட்டும் சொல்லிடாதே."

மாமி என்றால் மஜீதைப் பெற்றவள். மச்சான்கள் இரண்டு பேரும் கூட்டாக மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் மதியச் சோறு அவள் கையால்தான். மீன் துண்டில் பெரியது எப்போதும் அமீருதீன் தட்டில்தான் விழும். பெற்ற பிள்ளை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்தச் சோற்றுக்காக அமீருதீன் வந்தான். மஜீதுக்காக வந்தான் என்று எவனாவது சொன்னால் செருப்பு பிய்ந்துவிடும்.

கேட்டுக்கு உள்ளே, மதிலேறிக் குதித்தவர்கள் கபர் தோண்டி முடித்திருந்தார்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், மழைக்கு மறுநாள் குழி தோண்டினால் ஊற்று வராமல் என்ன வரும்? தண்ணீரைப் பக்கெட்டால் இறைத்து இறைத்து வெளியே ஊற்றுகிற சத்தம் சந்துவரை கேட்டது. மண் சரிந்தால் வேறு இடம் பார்க்க வேண்டும். மாமியின் புருஷன் கபருக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த ஓர் இடம்தான். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் மய்யித்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்குவதாகப் பேச்சு. வார்டு ஆட்கள் மெஷினோடு வந்துகினே இருப்பதாகக் காலையிலிருந்து தகவல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஜமாஅத் செயலாளரின் மருமகன் சுஃபியான், வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு சேறு படாமல் நின்று தீர்ப்புச் சொன்னான். "இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? சந்தூக்கை இங்கியே வச்சிட்டு, மய்யித்தை மட்டும் செவுத்துக்கு மேல தூக்கிக் குடுத்தா அந்தாண்ட கீறவங்க வாங்கிக்கப் போறாங்கோ. முடிஞ்சிது வேலை."

மரத்தடியில் குந்தியிருந்த மஜீது நிமிர்ந்தான். கண் ரெண்டும் வீங்கியிருந்தது. "எங்கம்மா இன்னா அரிசி மூட்டையா, கை மாத்திக் குடுக்க? கேட்டு வழியாத்தான் போவும்."

அந்த ஒரு பேச்சு மட்டும் சரி என்று அமீருதீனுக்குப் பட்டது. அப்படிப் பட்டதே அவனுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

மஜீதின் முன்னால் அவனுடைய மெஷின் பிரித்துப் போட்டபடி கிடந்தது. ஆரஞ்சு நிற ரம்ப மெஷின். கைப்பிடியில் மஞ்சள் டேப். அந்த டேப்பைப் பார்த்ததும் அமீருதீனுக்கு வயிறு எரிந்தது. பிராட்வேயில் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய இரட்டை மெஷின்கள் அவை. இதில் ஒன்று போனால் அதிலிருந்து கழற்றி மாட்டுவது, அதில் ஒன்று போனால் இதிலிருந்து. அப்படித்தான் ரெண்டும் ஓடின. கூட்டுத் தொழில் பிரிகிறதற்கு ஒரு மாசம் முன்னால் ஒன்றுக்கு மட்டும் புது சிலிண்டரும் பிஸ்டனும் போட்டார்கள். அடையாளத்துக்கு மஞ்சள் டேப் சுற்றியது அமீருதீன்தான். பாகம் பிரித்த அன்று மஜீது நேராகப் போய் மஞ்சள் டேப்பை எடுத்துக்கொண்டான். கேட்கவும் இல்லை, சீட்டுப் போடவும் இல்லை. அன்றிலிருந்து மஜீதைத் துரோகி என்று அமீருதீன் சொல்லாத டீக்கடை தண்டையார்பேட்டை வரைக்கும் கிடையாது. தனக்கு வந்த ஓட்டை மெஷின் மூன்று வருஷம் ஒரு மக்கர் பண்ணாமல் ஓடியதையும் சேர்த்தே சொல்வான். எல்லாம் கைராசி என்பான். ஓடுகிற மெஷினைப் பிரித்தால் கோபித்துக்கொள்ளும் என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் நம்புவது. அவனும் பிளக்கைத் துடைத்ததற்கு மேல் அதில் கை வைத்ததில்லை.

"இன்னா பண்ணித் தொலைச்சே?" என்றான். மூன்று வருஷத்துக்குப் பிறகு மச்சானிடம் பேசிய முதல் பேச்சு அது.

"பைக்லேர்ந்து பெட்ரோல் புடிச்சி ஊத்துனேன். ஆயில் கலக்க மறந்துட்டேன்." மஜீது மெஷினைப் பார்த்தபடியே சொன்னான். "உள்ள பிஸ்டன் கவ்விக்கிச்சி."

பச்சைப் பெட்ரோல்! மெஷின் தொட்ட முதல் நாள் பையன்கூடச் செய்யாத வேலை. இதே வேறு நாளாக இருந்திருந்தால் அமீருதீன் தெருவைக் கூட்டிச் சிரித்திருப்பான். அம்மா செத்த வீட்டுக்காரன் என்பதால் உதட்டைச் சுழித்ததோடு விட்டான். புது சிலிண்டர் எடுத்துகினு போனியே, இப்ப இன்னாச்சி பார்த்தியா என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டான். தித்திப்பாக இருந்தது.

அந்தத் தித்திப்பு கோணிப்பையை அவிழ்க்கிறவரைதான். போன வாரம் மாதவரத்தில் மரத்தின்மேலிருந்து கை நழுவி விழுந்ததில் அவன் மெஷினின் பாடி விரிசல்விட்டிருந்தது. ரம்பப் பட்டை மாட்டுகிற இடமே பிளந்துவிட்டது. சர்வீஸுக்கு விட்டிருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். இஞ்சின் மட்டும் கல்லு மாதிரி இருந்தது. அவன் இஞ்சினும் மஜீதின் பாடியும் சேர்ந்தால் ஒரு மெஷின். சேராவிட்டால் ரெண்டும் காயலான் கடைக்கு. ஷேர் ஆட்டோவில் வரும்போதே அவனுக்கு அது தெரிந்துவிட்டது. துரோகியின் மெஷினுக்குள் தன் இஞ்சினைத் தன் கையாலேயே வைக்க வேண்டும் என்பதும் தெரிந்தது.

"அட, ரெண்டும் அவுட்டா?" என்று சுஃபியான் எட்டிப் பார்த்தான். "அதான் சொல்றேன், செவுத்து மேல..."

"நைனா, சட்டை கலீஜ் ஆயிடப்போவுது. தள்ளி நில்லு" என்றான் அமீருதீன்.

இரண்டு பேரும் எதிரெதிரே குந்தினார்கள். மஜீது பாடியைப் பிடித்துக்கொள்ள, அமீருதீன் செத்துப்போன சிலிண்டரைக் கழற்றி எறிந்தான். பிஸ்டன் பக்கவாட்டில் நகத்தால் பிறாண்டியது போல் கோடு கோடாக இருந்தது. பிறகு தன் மெஷினைத் திருப்பிவைத்து சைலன்சரைக் கழற்றினான். அதற்குப் பின்னால் சிலிண்டரைச் சுற்றியிருக்கும் செதில்களில் ஒன்று மூலையில் உடைந்திருந்தது.

அமீருதீனின் கை நின்றது. அந்த மூளியை அவனுக்குத் தெரியும். புது சிலிண்டரை மாட்டும்போது ஸ்குரூ டிரைவரை நெம்பி அவனே உடைத்தது அது. புத்தம்புதுசைத் தொட்டவுடனே மூளி பண்ணிட்டியே என்று மஜீது அன்றைக்குப் பெரிய ரகளை செய்தான். மஞ்சள் டேப் மெஷினுக்குப் போட்ட சிலிண்டர் அது. அது எப்படித் தன் மெஷினில்?

மஜீது அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இது எப்ப மாத்துனே?"

"பாகம் பிரிக்கிறதுக்கு மொத நாளு."

"இன்னாத்துக்கு?"

"இப்ப அது இன்னாத்துக்கு? மாட்டு, டைம் ஆவுது."

"சொல்லிட்டுப் பேசு."

மஜீது பெருமூச்சு விட்டான். தாழ்ந்த குரலில், சலித்துப்போனவன் மாதிரி சொன்னான். "நல்லதை நேராக் குடுத்தா வாங்கியிருப்பியா நீ? இதுல இன்னா கோளாறுன்னு ஊரைக் கூட்டியிருப்பே. பழசை வச்சி ஓட்டணும்னா கையில வேலை இருக்கணும் மச்சான். ஒனக்கு அது கிடையாது. நீ சோத்துக்கில்லாம நின்னீன்னா ராவெல்லாம் சபீஹா அழுவும். யாரால முடியும்?"

திட்டியிருந்தால் பரவாயில்லை. குத்திக்காட்டியிருந்தாலும் தாங்கியிருப்பான். இந்தப் பாவி கடலில் உப்பு இருக்கிறது என்பது மாதிரி அல்லவா சொன்னான்! துரோகம் பண்ணியிருக்கலாமே இவன், எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். மூன்று வருஷமாக டீக்கடை டீக்கடையாகத் தான் விற்ற கைராசி அத்தனையும் இவன் போட்ட பிச்சையா? கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரிலும் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? சபீஹாவுக்கு? தட்டில் பெரிய துண்டைப் போட்டாளே, அவளுக்கு? அமீருதீனுக்குக் காது மடல் சுட்டது. ஸ்பேனரைத் தூக்கி இவன் மூஞ்சியில் வீசிவிட்டுப் போய்விடலாம் என்றிருந்தது. மதிலுக்கு அந்தப்பக்கம் பக்கெட் சத்தம் நிற்காமல் கேட்டது. யாரோ, "சரியுது, சரியுது, பலகை குடு" என்று கத்தினார்கள்.

அவன் குனிந்து பிஸ்டனை மாட்டினான். ஆயில் விரலில் வழுக்கி, பிஸ்டன் ஆணியைப் பிடித்துக்கொள்கிற லாக் சேற்றில் விழுந்தது. மஜீது தேடி எடுத்து, சட்டையில் துடைத்துக் கொடுத்தான். அதை வாங்கும்போது அமீருதீன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கயிற்றை மூன்றாவது தடவை இழுத்தபோது மெஷின் உறுமிப் பிடித்துக்கொண்டது. கூட்டம் கைதட்டியது, எல்லாம் தாங்களே பண்ணின மாதிரி. மஜீது அம்மாவை எடுத்துவரப் போனான். அமீருதீன் கிளைகளைக் கழித்தான், பிறகு அடிமரத்தில் ரம்பத்தை வைத்தான். நடுமரம் ஆட்டங்கண்டு ரெண்டாகப் பிளந்தபோது கேட்டின் கம்பிகள் தெரிந்தன. துண்டுகளை உருட்டித் தள்ள மட்டும் அந்தத் தண்டக் கூட்டம் உதவியது.

சந்தூக் வந்தது. ஈர மரத்தூளை மிதித்துக்கொண்டு கேட்டு வழியாகத்தான் மாமி உள்ளே போனாள். முன்கட்டையைத் தோளில் வைத்திருந்த மஜீது, பக்கத்தில் நின்றவனை விலக்கிவிட்டு, "மச்சான், இந்தாண்ட வா" என்றான். அமீருதீன் போய்த் தோள் கொடுத்தான். கபருக்குள் மூன்று பிடி மண் போடும்போது கையிலிருந்த ஆயில் கறுப்பு மண்ணோடு ஒட்டிக்கொண்டது.

துஆ முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். கேட்டுக்கு வெளியே அறுபட்ட அடிமரத்தின்மேல் ரெண்டு மெஷினும் கிடந்தன. மஜீது அவற்றைத் தாண்டி நடந்தான்.

"மெஷினை எடுத்துகினு போ" என்றான் அமீருதீன்.

"உள்ள கீறது ஒன்னுது."

"பாடி ஒன்னுதுதானே?"

மஜீது திரும்பவில்லை. "வூட்டுக்கு வா. சபீஹா காலீலேர்ந்து ஒண்ணும் துன்னாம கீது" என்றான். செருப்பில் அப்பியிருந்த சேற்றை மரத்தில் தேய்த்துவிட்டுச் சந்து திரும்பினான்.

திருப்பிக் கொடுத்தால் தோற்றவன். வைத்துக்கொண்டால் பிச்சைக்காரன். அமீருதீன் காறித் துப்பினான். அதற்குள் மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. மஞ்சள் டேப் மெஷினின் சைலன்சரில் விழுந்த துளிகள் மரத்தூளைக் கழுவிக்கொண்டு வழிந்தன. பக்கத்தில், அவன் மெஷினின் வெறும் வயிற்றில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. கையில் ஒரே ஒரு கோணிப்பையை விரித்துப் பிடித்தபடி அவன் நின்றிருந்தான்.