அத்தையின் கையெழுத்து

ஜூன் பிறந்தும் மழை ஏமாற்றிய அந்த வெயிலில் ராஸ் தீவுக்குப் போயே ஆக வேண்டும் என்று நின்றவள் நான் இல்லை, என் நாத்தனார் ருக்கு. புருஷனின் எல்.டி.சி.யில், அதாவது அரசாங்கச் செலவில், மதுரையிலிருந்து கடல் தாண்டி எங்கள் தீவுக்கு வந்திருந்தாள். டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு இரண்டே அறை. அதில் மின்விசிறி நன்றாகச் சுற்றும் அறையை எடுத்துக்கொண்டு, ஆறு நாளாக அந்த மின்விசிறியையே குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று அவள் புருஷன் நந்தகுமார் பவளப்பாறை பார்க்கத் தனியாகக் கிளம்பிவிட்டார். பிழைக்கத் தெரிந்த மனிதர்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் என் கைப்பைக்குள் இருந்தது. என் மகளுக்கு மதுரையில் நர்ஸிங் சீட் கிடைத்திருந்தது. ஹாஸ்டலில் சேர்க்க வேண்டுமானால் அந்த ஊரிலேயே இருக்கும் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், லோக்கல் கார்டியன் என்று. அந்த ஃபாரத்தை என் வீட்டுக்காரர் கிருஷ்ணமூர்த்தி அழகாக நிரப்பி, உறவு என்ற கட்டத்தில் 'அத்தை' என்று எழுதி, தங்கையிடம் கேட்கும் வேலையை மட்டும் என் தலையில் கட்டிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா, மதுரையில் இருக்கும் தன் தம்பியிடம் கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாள். சொந்த அத்தை இருக்கும்போது வெளியாளிடம் போவதா என்று இவர் குதித்தார். ருக்குவுக்கு நாளை மறுநாள் விமானம். ஆகவே ஆறு நாளாக நான் சிரித்த முகம்.

என் மகள் பெயரை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கம் இல்லை. அது என் மாமியாரின் பெயர். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம், அதனால் பதினேழு வருடமாக எனக்கு அவள் பாப்பாதான். மாமியார் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகியும் அந்த வழக்கத்துக்கு ருக்குதான் காவல். அம்மா பேரைச் சொல்லி வேலை ஏவ மனசு வரவில்லை என்று அவளும் 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிடுவாள். ஏவுவதை மட்டும் நிறுத்த மாட்டாள்.

படகில் ஏறியதும் ருக்கு, யானை காட்டச் சொல்வது போல, "சுனாமி எங்கிட்டு வந்துச்சு மதினி? பிள்ளைகளுக்குக் காட்டுங்க" என்றாள்.

"எல்லாப் பக்கமும்தான் வந்துச்சு" என்றேன்.

சுனாமி சமயத்தில் இவள் பதினோராம் நாள்தான் போன் செய்தாள். லைன் கிடைக்கவில்லையாம். மற்றவர்களுக்கெல்லாம் நான்காம் நாளே கிடைத்தது. நான் இதையெல்லாம் மறக்கிற ஜாதி இல்லை.

தீவில் இறங்கியதும் ருக்குவின் ஒன்றரை வயதுப் பெண் பாப்பாவின் இடுப்பில் ஏறியது. தண்ணீர் பாட்டில், பால் டப்பா, மாற்றுத் துணி எல்லாம் பாப்பாவின் தோளில். ருக்குவிடம் அவள் கைப்பையும் ஒரு குடையும்தான். மேட்டில் ஏற ஏற சிமெண்ட் பாதை செருப்பைத் தாண்டிச் சுட்டது. மான்கள் பிஸ்கட்டுக்காக ருக்குவின் மகன் பின்னால் வந்தன. ஐந்து வயதான அவன் அவற்றைக் குச்சியால் அடித்தான், யாரும் கேட்கவில்லை.

வெள்ளைக்காரன் காலத்து சீஃப் கமிஷனர் பங்களா வந்தது. கூரை இல்லை. சுவர்களை ஆலம் வேர்கள் பின்னிப் பிடித்துக்கொண்டு நின்றன.

"இதுவா அரண்மனை? எங்க நாயக்கர் மகால் தூணு ஒண்ணுக்குக் காணுமா இது? இதுக்காகவா பிள்ளைகளை வெயில்ல இழுத்துட்டு வந்தீங்க?" என்றாள் ருக்கு.

இழுத்து வந்தது நான்தானாம். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ராஜா எங்க?" என்றான் மகன்.

பாப்பா அவனிடம் குனிந்தாள். "ராஜா இல்லடா, அங்ரேஜ் தொர இருந்தாரு."

"வேலைக்காரங்க?"

"ஜெயில் கைதிங்கதான். சமையல், தண்ணி, சாமான் தூக்குறது எல்லாம் அவங்கதான்."

அவனுக்கு அது போதும். உடைந்த படியில் ஏறி நின்றான். "நான் தொர. நீ கைதி. என்னைத் தூக்கு."

இடுப்பில் ஒன்று இருக்க, முதுகில் இன்னொன்று தொற்றியது. பாப்பா ஒரு கையைச் சுவரில் ஊன்றி எழுந்தாள். ருக்கு நிழலில் உட்கார்ந்து சிரித்தாள். "நம்ம பிள்ளைக எம்புட்டு நல்லாப் பழகிருச்சுக பாருங்க மதினி."

அவள் சிரித்த நேரம்தான் நல்ல நேரம் என்று ஃபாரத்தை எடுத்து நீட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் முழுசாகப் படித்தாள். தன் கைப்பையிலிருந்து பேனாவையும் எடுத்தாள்.

"ஹாஸ்டல் எதுக்கு மதினி? நம்ம வீட்டுலயே இருக்கட்டும். காலைல இவனை வேன்ல ஏத்திவிட்டுட்டு காலேஜு போகலாம். சாயங்காலம் வந்து சின்னவளைப் பாத்துக்கிட்டா நான் வேலைக்குப் போயிருவேன். வேலைக்காரி வேற நின்னுட்டா."

"நர்ஸிங் படிப்பு ருக்கு. படிக்கவே நேரம் பத்தாது."

"படிச்சு என்ன, பிள்ளை பாக்குற வேலைதான அதுவும்? வீடுன்னு மாத்தி எழுதுங்க, போடுறேன். ஹாஸ்டல்னா நான் பொறுப்பு ஏத்துக்க மாட்டேன்." பேனா தாளுக்கு மேலே நின்றது. "ஏ புள்ள, நிக்காத, இன்னொரு சுத்து ஓடு. அவன் அழுவான்."

பாப்பா ஓடினாள். கண்ணில் வியர்வை இறங்கியது, துடைக்கக் கை இல்லை. மகன் குச்சியால் அவள் தோளில் தட்டினான், மானைத் தட்டியது போலவே. அவள் என்னைப் பார்த்தாள். கையெழுத்து ஆயிற்றா என்று கேட்கிற பார்வை. அந்தக் கையெழுத்துக்காகத்தான் ஓடுகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. ஆறு நாளாக அவளும் சிரித்த முகமாக இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது.

"மரகதம்" என்றேன்.

சுவருக்குச் சுவர் கேட்டது. பாப்பா அப்படியே நின்றாள். ருக்குவின் முகம் வெளுத்தது.

"என்ன மதினி, எங்கம்மா பேரை..."

"உங்கம்மா பேருதான். மரகதம், ரெண்டு பேரையும் கீழ இறக்கு. அவங்கம்மா தூக்கிக்குவா."

ருக்கு பேனாவை மூடினாள். ஃபாரத்தை என் மடியில் போட்டாள். "வேற ஆளைப் பாத்துக்கங்க. அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"பேசு."

படகு திரும்பும்போது சின்னது ருக்குவின் இடுப்பிலும் மகன் அவள் முந்தானையிலும் இருந்தார்கள். அவள் குடை மடியில் கிடந்தது. என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தாள்.

பாதி வழியில் நான் ருக்கு பக்கம் கை நீட்டினேன். "உன் பேனாவைக் கொஞ்சம் குடு."

இறங்கி வந்துவிட்டேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தாள், ஆனால் உடனே கொடுத்தாள். ஃபாரத்தைக் கைப்பை மேல் வைத்து, உறவு என்ற கட்டத்தில் 'அத்தை'யை அடித்தேன். படகு ஆடியதால் கோடு கோணலாகப் போயிற்று, இன்னொரு முறை அடித்தேன். பேச்சியம்மாவின் தம்பியை மனதில் வைத்து, அதற்கு மேலே 'தெரிந்தவர்' என்று எழுதினேன். மூடியைப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.