நடு முட்டு

தாண்டவராயன் கட்டிய கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் மலர்க்கொடி முட்டுகளைத்தான் முதலில் எண்ணினாள். புதுக் கூரையைத் தாங்கி இருபத்தெட்டு சவுக்குக் கம்புகள் நிற்க வேண்டும். இருபத்துநாலுதான் நின்றன. நட்ட நடுவில் இருந்த நாலைக் காலையிலேயே பிடுங்கிவிட்டு, அந்த இடத்தைப் பெருக்கி, அழகாக மாக்கோலமும் போட்டு வைத்திருந்தார்கள்.

"இது இன்னா மேஸ்திரி?"

ஏகாம்பரம் மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "மணவற நடுவுலதான் வரணும்னு ஐயா ஒத்தக் கால்ல நிக்கிறாரு. முட்டு நின்னா பொண்ணு மாப்ள எங்க குந்துவாங்க? மிச்ச முட்டுக்கெல்லாம் ஜிகினாத் துணி சுத்திட்டா தெரியாதும்மா."

ஓரத்தில் நாலை எடுத்திருந்தால்கூட அவள் திட்டிவிட்டுப் போயிருப்பாள். கூரை எங்கே அதிகம் தொய்யுமோ, அங்கே பார்த்து எடுத்திருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே கல்யாணப் பெண்ணை உட்கார வைக்கப் போகிறார்களாம். என்ன புத்திசாலித்தனம்!

எல்லாம் சிமெண்டால் வந்த வினை. அதற்கு சர்க்கார் பர்மிட் வர மாதக்கணக்கில் இழுத்து, ஆனி பன்னிரண்டாம் தேதிதான் கூரை போட முடிந்தது. இன்றைக்கு இருபத்தைந்து. இருபத்தெட்டில் முகூர்த்தம். அதை விட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யார் தாலி கட்டுவார்கள்?

மண்டபத்துக்குக் கரண்டு கொடுக்க வேண்டுமென்றால் பேரூராட்சி ஓவர்சீயர் கட்டடம் உறுதி என்று சான்று எழுத வேண்டும். அந்த ஓவர்சீயர் மலர்க்கொடி. இரண்டு வருடமாகத் தற்காலிக வேலை. பக்கத்து ஊரிலிருந்து உத்திரமேரூர் பஸ்ஸில் வந்து இறங்கும் 'பொம்பள ஓவர்சீயரை' டீக்கடையே எழுந்து நின்று வேடிக்கை பார்த்த ஊர் இது. நிரந்தர உத்தரவு ஆபீசரின் மேஜையில் கிடந்தது. ஆபீசரோ தாண்டவராயன் பேச்சைத் தட்டாதவர்.

அவளுடைய அம்மா செங்கேணி தாண்டவராயன் நிலத்தில் நாற்று நட்டவள். இந்த மண்டபத்துக்கே சித்தாளாகக் காங்கிரீட் சட்டி சுமந்தவள். இன்று காலை வேலைக்குப் போகாமல், தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டு, "கண்ண மூடிக்கினு கையெய்த்துப் போட்டுடு மலரு. உனுக்கு பர்மனென்ட் ஆச்சின்னா நா இன்னாத்துக்குச் சட்டி தூக்கறேன்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு மலர்க்கொடியின் கண்ணிலேயே நின்றது.

நடு பீமின் அடியில் நூல் பிடித்துப் பார்த்தாள். அரை அங்குலம் தொய்ந்திருந்தது. தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். காங்கிரீட் இறுகட்டும் என்று கூரைமேல் பாத்தி கட்டி நிறுத்தியிருந்த தண்ணீர் அதில் கசிந்துகொண்டிருந்தது.

"இன்னா மலரு, நூலு கட்டி வெளையாடிக்கினு கீற?" தாண்டவராயன் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார்.

"நடுவுல தொஞ்சிகீது ஐயா. பீமுக்கு இருவத்தோரு நாளு முட்டு இருக்கணும். பதிமூணுதான் ஆவுது. எடுத்த எடத்துல திரும்ப முட்டுக் குடுத்துட்டு, மணவறைய வெளில பந்தல் போட்டு வெச்சிக்கலாம்."

"மண்டபத்தக் கட்டிட்டு ரோட்லயா கல்யாணம் பண்ணுவாங்க? ஊரே சிரிக்கும். ஒண்ணும் ஆவாது, போடு." கொஞ்சம் குரலைத் தணித்தார். "உன் ஆர்டரு இன்னும் மேஜ மேலயேதான் கீதாமே?"

அவளுக்கு அது நன்றாகவே உறைத்தது.

அந்த நேரம் பார்த்து தாண்டவராயன் மகள், கல்யாணப் பெண் கனகா மருதாணிக் கையோடு ஓடி வந்தாள். கோலத்தின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நைனா, இங்கியா குந்தணும்? மேல ஃபேன் வருமா?" என்று அண்ணாந்து பார்த்தாள்.

மலர்க்கொடிக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். "சரி ஐயா, எழுதிடறேன். நா எழுதி முடிக்கிற வரிக்கும் கனகா அங்கியே குந்திக்கினு இருக்கட்டும். நீங்க பாத்துக்கினே இருங்க."

"இருக்கட்டுமே, இன்னா இப்ப?" என்றார் தாண்டவராயன்.

நீளம் எழுதினாள். அகலம் எழுதினாள். கூரை போட்ட தேதி எழுதினாள். விரிசலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கனகாவின் மருதாணிக் கைமேல் விழுந்தது. அவள் சிரித்தபடி துடைத்துக்கொண்டாள். தாண்டவராயன் கூரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். இன்னொரு சொட்டு விழுந்தது. பேனா கையெழுத்துக் கோட்டுக்கு வந்துவிட்டது.

"கனகா, எந்திரி."

"ஏன் நைனா?"

"எந்திரின்னா எந்திரி!" மகளின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனவர், மலர்க்கொடி பக்கம் திரும்பவேயில்லை.

பாத்தித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் நாலு முட்டும் திரும்ப நின்றன. வாசலில் பந்தலுக்குக் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். மலர்க்கொடி ஆபீசுக்குப் போனபோது, அவளுடைய உத்தரவு மேஜையில் இல்லை. ஆபீசர் அவளை நிமிர்ந்து பார்க்காமல் எதையோ மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அடுப்பெரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். செங்கேணி கேட்டுக்கொண்டே அடுப்புக்குள் குச்சியைத் தள்ளினாள். நிரந்தர உத்தரவு போனதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"அவரு எந்திரின்னு சொல்லாம இருந்திருந்தா?" என்றுதான் கேட்டாள்.

மலர்க்கொடி படிவத்தை எடுத்து நீட்டினாள். கையெழுத்துக் கோட்டின்மேல் ஒரே ஒரு எழுத்து இருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

"இது இன்னாடி?"

"எம் பேரோட மொத எழுத்தும்மா." சொல்லும்போதே அவமானமாக இருந்தது. கனகாவைப் பெற்றவரை மிரட்டத்தான் எழுதினோம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை.

செங்கேணி அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "போடுன்னு சொன்னவளே நாந்தானே" என்றாள். பிறகு எழுந்துபோய், காலையில் மூலையில் எறிந்த சும்மாட்டுத் துணியைத் தேடியெடுத்து, அலசிப் பிழிந்து, விடிவதற்குள் காயட்டும் என்று கொடியில் போட்டாள்.