குனியச் சொல்லு

பல் டாக்டர் தன் குடும்ப விஷயத்தைச் சொல்லத் தேர்ந்தெடுத்த நேரம், நண்பன் தபாலின் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்த நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம். தபாலின் வாய் நிறையப் பஞ்சு, உதட்டோரம் எச்சில் உறிஞ்சும் குழாய், கண்ணுக்கு நேரே விளக்கு.

"எனக்கும் அவளுக்கும் இனி ஒத்து வராதுடா. பையனும் காலேஜ் போயாச்சு. தனித்தனியா இருந்துக்கலாம்னு தோணுது. நாளைக்குப் படகுல போறப்போ நீதான் அவகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லணும்" என்றான் டாக்டர்.

வாயில் அவ்வளவு சாமான் இருக்கும்போது மனிதன் என்ன சொல்வான்? "ஆ" என்றான் தபால். டாக்டர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, "நீ இருக்கறப்போ எனக்கென்ன கவலை" என்று தோளில் தட்டி, வாய் கொப்புளிக்கச் சொன்னான்.

தபால் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, காலேஜில் ஒட்டிக்கொண்டது. டாக்டருக்குக் கணக்கு வகுப்புப் பெண் ஒருத்தியின் மேல் ஆசை, ஆனால் அவள் எதிரே வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கூட இருந்த பாவத்துக்கு இவன் போய் ஹாஸ்டல் மாடிப்படியில் சொன்னான். அவள், "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லு" என்றாள். அன்று ஏறின மாடிப்படியிலிருந்து இவன் இன்னும் இறங்கவில்லை. கல்யாணம் ஆயிற்று, அவள் கணக்கு டீச்சர் ஆனாள், பிள்ளை பிறந்து தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். வீடு மாற்றுவதா வேண்டாமா, பிள்ளைக்கு என்ன பெயர், டாக்டரின் அம்மா எத்தனை நாள் தங்குவார்கள், எல்லாம் இவன் வழியாகத்தான் போய் வந்தது. ஒரே அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தால்கூட, "காபி வேணுமான்னு கேளு" என்பாள் அவள். "அரை டம்ளர் போதும்னு சொல்லு" என்பான் அவன்.

சினிமாவாக இருந்தால் தூது போனவனுக்கே அந்தப் பெண்ணின் மேல் ஒரு கண் இருந்திருக்கும். இவனுக்கு அந்தக் கண்றாவியெல்லாம் இல்லை. இவனுக்கு வேண்டியது அந்த வீடுதான். கல்யாணம் தட்டிப்போய்த் தட்டிப்போய்க் கடைசியில் யாரும் கேட்பதையே விட்டுவிட்ட ஆள். அவன் குடியிருந்த மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் காலையிலேயே டாக்டர் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, அங்கேயே சோபாவில் தூங்கி, விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவான். வாரம் முழுவதும் மின்சார அலுவலகத்தின் புகார் ஜன்னலில் உட்கார்ந்து, கீழே வருகிறவர்களின் கோபத்தை மாடிக்கும் மாடியின் சால்ஜாப்பைக் கீழேயும் சுமப்பவனுக்கு, அந்த சோபா இல்லாவிட்டால் திங்கட்கிழமையே விடியாது.

அதனால் சனிக்கிழமை காலை படகுக்குப் போகும் வழியில், பெட்ரோல் பங்கில் டீச்சர் அவனை ஓரமாகக் கூப்பிட்டபோதே, டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்க்கப் போனான்.

"வேற ஊர்ல பெரிய பள்ளிக்கூடத்துல வேலை கிடைச்சிருக்கு. நான் போறேன். அவர் கூட வரவேண்டாம், புரியுதா? நான் சொன்னா நல்லா இருக்காது. நீயே சொல்லிடேன்."

இரண்டு பக்கமும் ஒரே சேதி. ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. சொன்ன மறுநிமிஷம் அந்த வீடும் முடிந்தது. தன் கையாலேயே தன் சோற்றில் மண்ணைப் போட அவனுக்குத் துணிச்சல் இல்லை. அதைவிட, எதையும் சுமக்க அவனிடம் தெம்பே இல்லை.

படகை வாடகைக்கு எடுத்தவன் நான்காவது நண்பன், இன்ஷூரன்ஸ் விற்பவன். நாலைந்து சனி ஞாயிறு பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து தன்னைக் கேப்டன் என்றே கூப்பிட வேண்டும் என்று அடம். கரையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பாடம் நடத்தினான். பின்னால் உட்காருகிறவன் கையில் படகைத் திருப்பும் சுக்கான். இன்னொருவர் பாயின் கயிற்றைப் பிடிக்க வேண்டும். "பாயோட அடியில குறுக்கே கிடக்குதே இந்தக் கட்டை, இதுதான் எமன். காத்து மாறிச்சுன்னா இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் சடார்னு அடிக்கும். தலை இருக்கணும்னா குனியணும். அப்புறம் முக்கியமான விஷயம், சுக்கான் பிடிக்கிறவன்கிட்ட யாரும் வாய் கொடுக்கக் கூடாது. அவன் கவனம் சிதறினா எல்லாருக்கும் சங்குதான்."

கடைசி வரி காதில் விழுந்ததும் தபால் ஓடிப்போய்ச் சுக்கானைப் பிடித்துக்கொண்டான். இதுவரை குளத்தில் காகிதக் கப்பல்கூட விடாதவன்.

சனிக்கிழமை முழுவதும் அவன் சுக்கானை விட்டு எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "என்னடா, சொல்லிட்டியா?" என்று புருவத்தைத் தூக்குவான். தபால் சுக்கானைக் காட்டுவான். சற்று நேரத்தில் டீச்சர் வந்து தொண்டையைச் செருமுவாள். அதற்கும் சுக்கான்தான் பதில். "பயலுக்கு இவ்வளவு ஆர்வமா!" என்று கேப்டன் பூரித்துப்போனான். வெயில் பிடரியில் ஏறியது, உள்ளங்கை கொப்புளித்தது, டாக்டர் குடைந்த பல் விண்விண் என்றது. ஆனாலும் அவனுக்கு நினைவு தெரிந்து, யாருக்கும் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டியிராத பகல் அது ஒன்றுதான். இரவு படகைக் கரையோரம் கட்டிவிட்டுப் படுத்தார்கள். படகுக்கு உள்ளே இருந்த குறுகிய அறையில் டாக்டரும் டீச்சரும் இவனுக்கு இரண்டு பக்கமும் புரண்டு புரண்டு பெருமூச்சு விட்டார்கள். கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தான்.

ஞாயிறு காலை காற்று எழுந்தது. அலை இரண்டு முறை படகைத் தூக்கிப் போட்டதும் நம் கேப்டனின் முகம் வெளிறியது. ஒரு வாளியை அணைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சுருண்டுவிட்டான். டாக்டர் பாயின் கயிற்றைப் பிடித்தான், தபால் வழக்கம்போலச் சுக்கானில். திரும்பிப் போகும் வழி, காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து தள்ளியது. தாலாட்டு மாதிரி இருந்தது. தபாலின் இமை ஒரு நொடி மூடியது, அவ்வளவுதான். சுக்கான் கையிலிருந்து நழுவ, படகின் மூக்கு திரும்பிவிட்டது.

டீச்சர் நடுவில் நின்று ஃபிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தாள். பாய் படபடத்ததை டாக்டர்தான் முதலில் பார்த்தான். கட்டை கிளம்புவதையும் பார்த்தான். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான். வாயைத் திறந்து உரக்கக் கத்தினான்.

"டேய் தபாலு, அவளைக் குனியச் சொல்லுடா!"

அவள் காதில் அது விழாமல் இல்லை. ஆனால் டாக்டர் பேசியது தபாலிடம். ஆகவே பழக்கப்படி அவள் என்ன சேதி என்று தபாலின் முகத்தைப் பார்த்தாள். தபால் வாயைத் திறப்பதற்குள் கட்டை அவள் தோளில் மோதி ஆளைக் கீழே தள்ளியது. ஃபிளாஸ்க் உருண்டது. கொஞ்சம் மேலே பட்டிருந்தால் தலை.

தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவள் முதலில் கேட்டது, தபாலிடம்தான்.

"என்ன சொன்னார்?"

 தான் என்ன கேட்டோம் என்று கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முகம் கோணியது. டாக்டர் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"குனின்னு ஒரு வார்த்தை. என்னைப் பார்த்து நேரா சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

 "பழக்கம்..." என்று இழுத்தான் டாக்டர்.

தபாலுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கேப்டனுக்கு வந்தது போன்ற குமட்டல் இல்லை. இத்தனை வருஷமாக இவர்களுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு நடுவில் நந்தி மாதிரி உட்கார்ந்திருக்கிறோமே, ஒரு உயிரே போயிருக்குமே என்று இருந்தது. எழுந்தான்.

"முந்தா நாள்ல இருந்து ரெண்டு பேரும் ஆளுக்கொரு சேதி கொடுத்திருக்கீங்க. நான் சொல்ல மாட்டேன். இனிமே 'உப்பு கம்மி'ன்னுகூட சொல்ல மாட்டேன். இந்தப் படகை ஓட்ட ரெண்டு பேர் வேணும், ரெண்டு பேர் இருக்கீங்க. எனக்குத் தூக்கம் வருது."

டீச்சர் நல்ல கையால் சுக்கானைப் பிடித்தாள். தபால் உள்ளே இறங்கி, கேப்டனின் வாளியைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்தான்.

மேலே முதலில் கட்டளைகள்தான் கேட்டன. "கயித்தை இழுங்க." "சுக்கானை இந்தப் பக்கம் தள்ளு." "வலிக்குதா?" "வலிக்காம?" அப்புறம் தண்ணீரின் சத்தம் மட்டும். அப்புறம் அவள் குரல், "நீங்க முதல்ல சொல்லுங்க." தபால் தலையணையை எடுத்துக் காதுகளைப் பொத்திக்கொண்டான். அந்த இரண்டு பேரும் பேசின பேச்சையெல்லாம் சுமந்தவனுக்கு, இதைக் கேட்கும் திராணி இல்லை. அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான்.

கேப்டன் உலுக்கி எழுப்பியபோது படகு கரையில் கட்டியிருந்தது. டீச்சரின் தோளில் ஈரத் துண்டு. இருவர் கண்ணும் சிவந்திருந்தது. "பேசிட்டோம்" என்றான் டாக்டர். "பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள நான் போயிடுவேன்" என்றாள் அவள். 

காரில் எப்போதும் தபால் முன்னால், டீச்சர் பின்னால். அன்று அவள் முன்னால் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். பிள்ளையிடம் யார் சொல்வது, அலமாரி யாருக்கு, துணி துவைக்கும் மெஷின் யாருக்கு. ஒரு தடவை ஏதோ பழைய கதைக்குச் சிரிக்கக்கூடச் செய்தார்கள். பிரிவதற்கென்று உட்கார்ந்த பிறகு இவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்தது என்று தபாலுக்கு ஆற்றாமையாக இருந்தது. பின் சீட்டில் இவன் தோளில் கேப்டன் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மடியில் வைக்க இவனுக்குத் தன் கைகள் மட்டும்தான் இருந்தன.

தன் வீட்டு வாசலில் தபால் இறங்கினான். பழக்க தோஷம், கார் ஜன்னலில் குனிந்து கேட்டுவிட்டான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை?"

இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள், ஒரே நேரத்தில் மூடிக்கொண்டார்கள். "நீங்க சொல்லுங்க" என்றாள் அவள். "இல்ல, நீ சொல்லு" என்றான் அவன். இருவரும் இவன் முகத்தைப் பார்த்தார்கள்.

 "என் வீட்டுக்கு வாங்க, நான் சமைக்கிறேன்" என்றான் தபால். "சேர்ந்து வந்தாலும் சரி, தனித்தனியா வந்தாலும் சரி."

டீச்சர் அழ ஆரம்பித்தாள். டாக்டர் முதல் முறையாக, யாரிடமும் சொல்லி அனுப்பாமல், தன் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"ஆனா வர்றப்போ ஆளுக்கொரு தட்டு எடுத்துட்டு வாங்க" என்றான் தபால். "எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு."