ஆட்டம் கண்ட கத்தி

ரோஸ்லினின் கத்தி ஐந்தாவது தடவையாகப் பழுதுக்கு வந்தபோது, தென் ஆஸ்திரேலியாவின் பீட்டர்பரோ தபால் ஆபீசில் வேலை பார்க்கிற டல்சி அதைச் சட்டென்று கொடுத்துவிடவில்லை. பொட்டலத்தை மேஜைமேல் வைத்து அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு, மெர்வை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரு மடக்குக் கத்தியைச் சரி பண்ணத் துப்பில்லையா உனக்கு? இல்ல, அவளுக்கு உன் மேல ஒரு கண்ணா?"

"பிளேடு ஆடுது டல்சி. ஆடுனா அனுப்பத்தான் செய்வாங்க."

"மத்தவன் கத்தியெல்லாம் ஒரு தடவைதானே ஆடுது."

மெர்வ் பொட்டலத்தை உருவிக்கொண்டு வெளியே வந்தான். குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன செய்யும்? வெயில் பிடரியில் அடித்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகைதான் அவன் பட்டறை. இருபத்தாறு வருஷமாக அங்கே உட்கார்ந்து, வடக்கே இருக்கிற ஆட்டுப் பண்ணைக்காரர்களின் கத்திகளை ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறான்.

பூட்டு வைத்த மடக்குக் கத்தி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கத்தியைத் திறப்பார்கள், பூட்டு டக்கென்று விழும், உடனே பிளேடு நுனியை இரண்டு விரலால் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துப் பார்ப்பார்கள். மயிரிழை ஆடினாலும் தூக்கம் போய்விடும். சில அதிமேதாவிகள் தாங்களே பிளேடைத் தாங்குகிற அச்சுத் திருகை முறுக்கு முறுக்கென்று முறுக்கி, பிளேடு திறக்கவே மாட்டாமல் செய்துவிட்டுக் கொண்டுவருவார்கள். வேலை என்னவோ சின்னதுதான். திருகைக் கழற்றித் துடைத்து, மரையில் ஒரு சொட்டு நீலப் பசை விட்டு, ஆட்டம் நிற்கிற இடம் வரைக்கும் முறுக்கி, ஒரு நாள் காயவிட வேண்டும். பிறகு அந்தத் திருகு வருஷக்கணக்கில் அசையாது.

அந்த ஒரு சொட்டைத்தான் மெர்வ் விடவில்லை.

முதல் தடவை நடந்தது நிஜமாகவே அறியாமல் செய்த தப்பு. பசை புட்டி பழசாகிச் செத்துப்போயிருந்தது, அவன் கவனிக்கவில்லை. ரோஸ்லினுக்கு ஆயிரக்கணக்கான மைல் நீளுகிற நாய் வேலியில் காவல் வேலை. காட்டு நாய் ஆடுகள் பக்கம் தாண்டிவிடாதபடி, கூப்பிட்ட குரலுக்கு ஆளில்லாத அந்த வேலியோரமே பதினைந்து நாள் வண்டியில் போவாள், அறுந்த கம்பியை முடிவாள், செத்த கங்காருவை இழுத்துப் போடுவாள், திரும்பி வருவாள். அந்தப் பாதை முழுக்க மேடும் பள்ளமும். அதில் குலுங்கினால் மனுஷன் குடலே இடம் மாறும், திருகு எம்மாத்திரம்? எட்டு வாரத்தில் கத்தி திரும்பி வந்தது, கூடவே ஒரு கடுதாசியும்.

"யோவ், கத்தியை ரிப்பேர் பண்ணுனியா, இல்ல தாலாட்டுப் பாடி அனுப்புனியா? தொட்டில் கணக்கா ஆடுது. நேத்து ஒரு ஈமுக்கோழி வேலியில மாட்டிக்கிச்சு. அதை எடுத்துவிடுறதுக்குள்ள ஒரு உதை விட்டுச்சு பாரு, இன்னும் நொண்டுறேன். பன்னிரண்டு நாளாச்சு ஒரு ஆளைப் பாத்து. அந்த ஈமுகூட நின்னு ஒரு வார்த்தை கேக்கல."

மெர்வ் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். சிரித்த சத்தம் அந்தக் கொட்டகையில் அவனுக்கே புதிதாகக் கேட்டது. பெண்டாட்டி அவனை விட்டுப் பெர்த்துக்குப் போய் ஒன்பது வருஷம். தினமும் ஒரு ஆட்டிறைச்சி சாப்ஸ், இரண்டு உருளைக்கிழங்கு, ரேடியோவில் கால்பந்து. சனிக்கிழமை கிளப்புக்குப் போனால் நாலு பேர் தலையாட்டுவார்கள், அவனும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவான். அவனுக்கென்று ஒருவர் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி எத்தனையோ காலமாகியிருந்தது. பதிலுக்கு அவனும் ஒரு பக்கம் எழுதினான். எழுதி முடித்ததும் புதுப் பசை புட்டியைக் கையில் எடுத்தான். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு திறக்காமலே மேஜைமேல் வைத்துவிட்டான்.

வெறும் திருகை முறுக்கி அனுப்பினான். அடுத்த எட்டு வாரத்தில் கத்தி வந்தது. கடுதாசி இரண்டு பக்கமாகியிருந்தது. அதற்கடுத்தது நாலு பக்கம். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது, கேரவனில் வாசம், பிறந்த நாளைக்கு டப்பா சாசேஜில் மெழுகுவத்தி குத்தி வைத்துத் தானே ஊதிக்கொண்டாளாம். இவன் செய்தது அயோக்கியத்தனம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நாலு பக்கத்தை அவன் எத்தனை தடவை படித்தான் என்று தெரிந்தால் திட்ட வருகிற வாயும் கொஞ்சம் தயங்கும்.

இப்போது இந்த ஐந்தாவது பொட்டலம். மெர்வ் கத்தியை ஒதுக்கிவிட்டு முதலில் கடுதாசியைத்தான் பிரித்தான். ஒரே பக்கம். எழுத்து கோணல்மாணலாக இழுத்துக்கொண்டு போனது.

"மெர்வ், கோழி கிளறுன மாதிரி இருக்கும், பொறுத்துக்கோ. இடது கையால எழுதுறேன். போன செவ்வாய்க்கிழமை தண்ணிக் குழாயை வெட்டும்போது பிளேடு சாஞ்சு, பூட்டு நழுவி, கத்தி என் கைமேலயே மடங்கிடுச்சு. ரெண்டு விரல். துண்டைச் சுத்திக்கிட்டு மூணு மணி நேரம் நானே வண்டி ஓட்டிட்டுப் போனேன். தையல் போட்டாச்சு. நடுவிரல் இனிமே மடங்காதுன்னு டாக்டர் சொல்றார். உன்மேல தப்பில்ல, நீ எப்பவும் சரியாத்தான் பண்ணித் தருவ. நான்தான் அதை வச்சுக் கம்பியை நெம்பியிருப்பேன். ஆறு வாரம் வேலைக்குப் போகக் கூடாதாம், கேரவன்லதான் கிடக்கேன். அவசரமில்லாமப் பாரு."

'உன்மேல தப்பில்ல' என்கிற இடத்தை மெர்வ் இரண்டு தடவை படித்தான். கத்தியை எடுத்துத் திறந்து நுனியைப் பிடித்தான். பிளேடு லொடலொடவென்று ஆடியது. பூட்டுத் தகடு பிளேடின் அடியில் பாதிதான் உட்கார்ந்திருந்தது. கைப்பிடி இடுக்கில் ரத்தம் கருப்பாகக் காய்ந்திருந்தது.

சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அவளே பழியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாளே! பொட்டலத்தோடு வந்த ரிப்பேர் சீட்டின் அடியில் அவள் போன் நம்பர் எழுதியிருந்தது. மெர்வ் எழுந்து இரண்டு தடவை கொட்டகையைச் சுற்றி வந்தான். பிறகு வீட்டுக்குள் போய் நம்பரைச் சுழற்றினான்.

"யாரு?"

"மெர்வ்."

"எந்த மெர்வ்?"

"கத்தி."

அவள் கடகடவென்று சிரித்தாள். "அட நீயா! குரல் என்ன இப்படிக் கீச்சுன்னு இருக்கு? நீ பெரிய தடியனா இருப்பன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இரு, டீத்தண்ணி கொதிக்குது, அணைச்சுட்டு வர்றேன். வச்சுடாதே."

அவள் போன சத்தமும் வந்த சத்தமும் கேட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் பேசப்போகிறவள் உட்காருகிற மாதிரி.

"சொல்லு."

"நீ எதையும் நெம்பல ரோஸ்லின். திருகு தானாத்தான் கழண்டுச்சு. அதுல பசை விடணும். நான் விடல."

"மறந்துட்டியா? போகட்டும், மனுஷன்னா மறக்கிறதுதான்."

"மறக்கல."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"எத்தனை தடவை?"

"மூணு தடவை."

"எதுக்கு?"

"பசை விட்டா கத்தி திரும்பி வராது. கத்தி வரலைன்னா உன் கடுதாசியும் வராது."

அவள் பேசியபோது குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

"போன் பண்ணத் தெரியுதே உனக்கு. இதை முன்னாடியே ஒரு நாள் பண்ணியிருந்தா விடிய விடியப் பேசியிருப்பேனேய்யா. நான் வேலிக் கம்பிகிட்டப் பேசிக்கிட்டுத் திரியிறவ."

"ரோஸ்லின்..."

"கத்தியை ஒழுங்காப் பண்ணி அனுப்பு. அதுக்குள்ள கடுதாசி எதுவும் வைக்காதே."

போன் வைக்கப்பட்டது.

கைப்பிடி இடுக்கிலிருந்த ரத்தத்தைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கவே மெர்வுக்கு ஒரு மணி நேரமாயிற்று. தேய்ந்த பூட்டுத் தகட்டுக்குப் பதில் புதுசு போட்டான். மரையைத் துடைத்தான். பசையை விட்டான், முறுக்கினான், ஒரு நாளுக்கு இரண்டு நாளாகக் காயவிட்டான். நுனியைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். இருபத்தாறு வருஷத்தில் அவன் செய்த வேலைகளில் அதுதான் ஒன்றாம் நம்பர் வேலை.

அவள் சொன்னதை மீறாமல், கத்தியை மட்டும் வைத்து அனுப்பினான்.

எட்டு வாரம் போயிற்று. ஒன்பதாவது வாரம் காரணமே இல்லாமல் மூன்று தடவை தபால் ஆபீஸ் பக்கம் போய்வந்தான். இன்னொரு தடவை போனைக் கையில் எடுத்து, நம்பரைப் பாதி சுழற்றி, வைத்துவிட்டான். பன்னிரண்டாவது வாரமும் போயிற்று. ஆட்டமே இல்லாத கத்தியை யார் திருப்பி அனுப்புவார்கள்?