சின்னவளின் பெல்ட்

பெரியவள் வயரிங் வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. கணவனும் கொழுந்தனும் சேர்ந்து கட்டடங்களுக்கு மின்சார வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தார்கள். ஆள் கிடைக்காத சமயத்தில் கணவன், "ரெண்டு நாள் வந்து ஒயரை மட்டும் இழுத்துக் குடு" என்று கூப்பிட்டான். அந்த இரண்டு நாள் இன்னும் முடிந்தபாடில்லை.

அவள் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தோல் பெல்ட் இருக்கும். அதில் தொங்காத சாமான் கிடையாது. சுத்தியல், ஸ்பேனர் செட், மூன்று வகை பிளேயர், அரம், ஆணிப் பை, ஒரு டார்ச் லைட் கூட. அவள் மாடிப்படி ஏறுவது இரண்டு தளம் கீழே இருக்கிறவனுக்கும் கேட்கும். "அக்கா, எட்டாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா?" என்று யாராவது கேட்டு வாயை மூடுவதற்குள் எடுத்து நீட்டிவிடுவாள். சாயங்காலம் பெல்ட்டைக் கழற்றினால் இடுப்பு எலும்பு இரண்டிலும் தோல் சிவந்து தடித்திருக்கும். தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பாள். அந்த வலியிலும் அவளுக்கு ஒரு கெத்து இருந்தது.

கொழுந்தன் மனைவி, அதாவது சின்னவள், இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் வேலைக்கு வந்தாள். இடது கைக்காரி. பெரியவள் கழித்துப்போட்ட பழைய பெல்ட் ஒன்றைத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். அதில் எல்லாம் வலது பக்கம். ஏணி மேல் நின்றபடி வயிற்றைச் சுற்றிக் கையை வளைத்து டெஸ்டரைத் தேடுவாள். எடுப்பதற்குள் பாதி நேரம் எதையாவது கீழே போட்டுவிடுவாள். பெரியவள் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பாள். அந்த இரண்டு வருடமும் இருவருக்கும் ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை சின்னவள் தன் டூல் பெட்டி மூடியின் உட்பக்கம் சாக்பீஸால் புள்ளி புள்ளியாக வைக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா இது, பரீட்சையா? யாருக்கு மார்க் போடுற?" என்றாள் பெரியவள்.

"எதை எத்தனை தடவை எடுக்கறேன்னு பாக்கறேன்க்கா."

"பாத்து?"

"எடுக்காததை எல்லாம் இறக்கி வெச்சிடுவேன்."

வாரக் கடைசியில் கணக்கு தெளிவாகிவிட்டது. இருபத்தாறு சாமானில் அவள் கை தினமும் போனது எட்டுக்குத்தான். சுத்தியலை ஆறு நாளில் இரண்டே தடவை எடுத்திருந்தாள். எட்டைத் தவிர மற்றதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போய், ஏணிக்கடியில் உட்கார்ந்தது.

பிறகு காயலான் கடையிலிருந்து ஒரு பழைய காரின் சீட் பெல்ட்டை வாங்கி வந்தாள். கிழிந்த தார்ப்பாயை வெட்டி, ஒவ்வொரு சாமானையும் அதன்மேல் படுக்கவைத்துக் கோடு போட்டு, செருப்பு தைக்கிற ஊசியால் அதனதன் அளவுக்குப் பை தைத்தாள். ஒன்றின் பைக்குள் இன்னொன்றை வைக்கக் கூடாது என்பது அவள் கணக்கு. டெஸ்டர், ஒயரின் தோலை உரிக்கிற ஸ்டிரிப்பர், ஸ்க்ரூடிரைவர் இரண்டு, பென்சில் இதெல்லாம் இடது பக்கம், கை தானாக விழுகிற இடத்தில். கட்டிங் பிளேயரும் அளக்கிற டேப்பும் வலது பக்கம். பிளேடு கட்டர் மட்டும் முதுகுப் பக்கம், மூடி வைத்த பையில். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைப் பிடுங்கி ஸ்க்ரூ பைக்குள் வைத்துத் தைத்திருந்தாள். குனிந்தாலும் ஒரு ஸ்க்ரூ சிந்தாது.

வேலை நடக்கிற இடத்தில் செம்புக் கம்பியை நிறுக்க ஒரு எலக்ட்ரானிக் தராசு இருந்தது. கொழுந்தன் அந்தப் பெல்ட்டைச் சாமானோடு தூக்கி அதில் வைத்தான். ஒரு கிலோ நானூறு கிராம்.

"உன்னுதையும் வையி, பாப்போம்" என்றான் பெரியவளின் கணவன்.

அவளும் விளையாட்டாகத்தான் வைத்தாள். ஐந்து கிலோ எழுநூறு.

"அடேயப்பா! பதினோரு வருஷமா கைக்குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு ஏணி ஏறியிருக்காடா உங்க அண்ணி!" என்று அவன் கைதட்டிச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் பெல்ட்டைத் தராசிலிருந்து வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் கண் சின்னவளின் இடுப்பை விட்டு நகரவில்லை. சின்னவள் மேலே கூரையைப் பார்த்தபடி, கீழே நிற்கிறவனோடு பேசியபடி, கையை மட்டும் இறக்குவாள். வேண்டியது விரலில் ஒட்டிக்கொண்டு வரும். வேலை முடிந்ததும் அதே மாதிரி பார்க்காமலே போய் உட்காரும். பெரியவள் ஏழு லைட் பாயிண்ட் முடிக்கிற நேரத்தில் அவள் பத்து முடித்தாள். ராத்திரி சாப்பிடும்போது கணவன் அதையே சொன்னான். "சின்னவளுக்கு மூளைடி. நாம யாராவது இத்தனை வருஷத்துல யோசிச்சோமா?"

'நாம' என்று அவன் தன்னையும் சேர்த்துக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை. 'சின்னவளுக்கு மூளை' என்பது மட்டும் காதில் ஈயம் மாதிரி இறங்கியது. நேற்று வந்தவள். ஃபேஸ் எது நியூட்ரல் எது என்று இவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள். பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள்.

அவளும் ஒரு பெல்ட் தைத்துக்கொண்டிருக்கலாம். சின்னவளிடம் கேட்டிருந்தால் ஒரே நாளில் தைத்தும் கொடுத்திருப்பாள். கேட்பதற்கு நாக்குத்தான் எழவில்லை.

வியாழக்கிழமை மதியம் இன்ஜினியர் வந்தார். "சாப்பிட்டதும் பிளம்பிங் ஆளுங்களையும் ஏசி ஆளுங்களையும் கூட்டிட்டு வர்றேன். உங்க வீட்டுப் பொண்ணு வேலை செய்யறதை அவங்க பாக்கணும். அந்தப் பெல்ட்டை முக்கியமா பாக்கணும்" என்றார். பெரியவளிடமே சொன்னார். அவள் கையில் டிபன் பாக்ஸோடு தலையாட்டினாள்.

சின்னவள் பெல்ட்டைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுக் கை கழுவப் போனாள். அறையில் யாரும் இல்லை.

பெரியவள் டிபன் பாக்ஸைக் கீழே வைத்தாள். டெஸ்டரையும் ஸ்டிரிப்பரையும் பை மாற்றித் திணித்தாள். ஸ்க்ரூடிரைவர்களை இடம் மாற்றினாள். முதுகுப் பையைத் திறந்து கட்டரை எடுத்துப் பென்சில் இடத்தில் செருகினாள். பென்சில் கட்டர் இருந்த இடத்துக்குப் போனது. நாலு பேர் முன்னால் கொஞ்சம் தடுமாறட்டும், மூக்கு உடையட்டும், அவ்வளவுதான் அவள் நினைத்தது. கட்டரைத் தலைகீழாகச் செருகினோம் என்பதையும், அதன் பிளேடு ஒரு நகம் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததையும் அப்போது பார்த்தாளா இல்லையா என்று பின்னால் பல நாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் கிடைக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் பத்துப் பேர் ஏணியைச் சுற்றி நின்றார்கள். சின்னவள் வெட்கத்தில் பெல்ட்டைப் பார்க்காமலே கட்டிக்கொண்டு மேலே ஏறி, அளந்து, குறி வைக்கப் பென்சிலுக்குக் கையை இறக்கினாள். வழக்கம்போலப் பார்க்கவில்லை.

"ஆ!" என்று ஒரு சத்தம். பிறகு தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

கொழுந்தன் ஓடிப்போய் அவளை இடுப்போடு பிடித்து இறக்கினான். இடது ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து கணு வரைக்கும் பிளந்திருந்தது. பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, துணியைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். போகும்போது அவன் திட்டிக்கொண்டே போனது படியில் கேட்டது. "பாக்காம எடுப்பேன் பாக்காம எடுப்பேன்னு பெருமை! இப்ப பாத்தியா?"

 கணவன் ரத்தத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தான். "நாளைக்கு இந்த ரூமை ஒப்படைக்கணும். நீ முடிச்சிடு. அந்தப் பெல்ட்டையே கட்டிக்க, லேசா இருக்கும்."

அவள் பெல்ட்டை எடுத்தாள். ஒவ்வொன்றாக உருவி, அதனதன் பையில் திரும்ப வைத்தாள். கட்டரின் பிளேடை உள்ளே தள்ளி முதுகுப் பையில் வைத்து மூடினாள்.

"எது எங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் அவன்.

"தினமும் பாக்கறேன்ல" என்றாள். பொய் இல்லை.

கட்டிக்கொண்டு ஏறினால், இடுப்பில் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஏணியின் கடைசிப் படிவரை மூச்சு வாங்காமல் ஏறினாள். ஆனால் வலது கையை இறக்கினால் வேண்டியது அங்கே இல்லை. வயிற்றைச் சுற்றி வளைத்து இடது பக்கம் துழாவ வேண்டியிருந்தது. டெஸ்டர் கை நழுவிக் கீழே விழுந்தது. இறங்கி எடுத்துக்கொண்டு ஏறினாள். மறுபடி விழுந்தது. இப்படித்தானே சின்னவள் இரண்டு வருடம் நின்றாள் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. அப்போதும், வெட்கக்கேடு, அந்தப் பெல்ட்டின் மேல் இருந்த பொறாமை தணியவில்லை. இன்னும் கூடித்தான் போனது.

சாயங்காலம் மாடிக்குப் போனாள். மேல் வீட்டில்தான் சின்னவள் குடித்தனம். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். ஐந்து தையல்.

"நானேதான் மாத்தி வெச்சிருப்பேன் போலக்கா. சாப்பிடப் போற அவசரத்துல" என்றாள்.

அப்படியே விட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். பெரியவள் கதவைச் சாத்தினாள்.

"நீ மாத்தலை. நான்தான் மாத்தினேன்."

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் வெளுத்தது.

"ஏன்க்கா?"

"பொறுக்கலை. உன்னை எல்லாரும் தலையில தூக்கி வெச்சது பொறுக்கலை. நீ கொஞ்சம் தடுமாறட்டும்னு நெனச்சேன். கை கிழியும்னு நெனக்கலை."

"ஏணி மேல நிக்கறேன்க்கா நான். விழுந்திருந்தா?"

பெரியவள் அந்தக் கட்டுப் போட்ட கையைத் தொடப் போனாள்.

"கீழ போங்க" என்றாள் சின்னவள். கத்தவில்லை. "இப்ப உங்க மூஞ்சியைப் பாக்க முடியலை. போங்க."

சின்னவள் யாரிடமும் சொல்லவில்லை. பெரியவள்தான் அன்று ராத்திரி கணவனிடம் சொன்னாள். அவன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "தம்பிக்கிட்ட நீயே சொல்லு" என்றான். கொழுந்தனிடமும் சொன்னாள். அவன் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினான். 'அண்ணி' என்ற சொல் மட்டும் அந்தப் பேச்சில் இல்லை. அவள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

சின்னவள் திரும்பி வர மூன்று வாரம் ஆனது. அதுவரை இருவர் வேலையையும் பெரியவள் ஒருத்தியே பார்த்தாள். வந்த முதல் நாள் சின்னவள் ஏணி மேல் நின்று ஒவ்வொரு தடவையும் குனிந்து, பையைப் பார்த்து, தொட்டுப் பார்த்து எடுத்தாள். ஐந்து பாயிண்ட்டோடு நிறுத்திக்கொண்டாள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் பெரியவளுக்கு யாரோ நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது.

மதியம் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எனக்கு ஒண்ணு தைக்கணும். வலது கைக்கு. எந்த ஊசின்னு மட்டும் சொல்லு, நானே தைச்சுக்கறேன்."

சின்னவள் டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒரு வாரம் புள்ளி வைங்க மொதல்ல. சுத்தியலை விட்டுட உங்களுக்கு மனசு வராது. விட்டுத்தான் ஆகணும்."

"விட்டுடறேன்."

பெரியவள் தன் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு சின்னவள்தான் கேட்டாள்.

"பொறுக்கலைன்னீங்களே, அது போயிடுச்சா?"

 பெரியவளுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "முழுசாப் போகலை" என்றாள்.

சின்னவள் அவளையே பார்த்தாள். உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, வந்த வேகத்தில் போனது.

"அப்ப, சாப்பிடும்போதும் இதைக் கழட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, இடுப்புப் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.