நாலு விதி, மூன்று அணி, ஒரு பள்ளிப் பேருந்து

தங்கையின் வீட்டுக்குள் நுழைந்ததும் அவளுக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. சத்தமே இல்லை. ஏழு வயது இரட்டைப் பெண்கள் இருக்கிற வீட்டில் மாலை ஆறு மணிக்குச் சத்தம் இல்லையென்றால் ஒன்று காய்ச்சலாக இருக்க வேண்டும், இல்லை எதையோ உடைத்துவிட்டு ஒளிந்திருக்க வேண்டும். பெரிய வாலு, சின்ன வாலு என்று குடும்பமே பட்டம் கட்டி வைத்திருந்த பிள்ளைகள். போன மாதம்தான் ஒருத்தி இன்னொருத்தியின் முடியைப் பாதி வெட்டிவிட்டு, மீதியை நாளைக்கு வெட்டுவதாகச் சமாதானம் சொல்லியிருந்தாள்.

இன்று இரண்டும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே பென்சில் டப்பாவை நடுவில் வைத்து, மாற்றி மாற்றி எடுத்து வரைந்துகொண்டிருந்தன.

"என்னடி ஆச்சு இதுங்களுக்கு? டாக்டர்கிட்ட காட்டினியா?" என்றாள் தங்கையின் காதருகே.

"பத்து நாளா இப்படித்தான்க்கா. நான் காரணமே கேக்கல. கேட்டா நின்னு போயிடுமோன்னு பயமா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிப்பு நாலு வீட்டுக்குக் கேட்கும். சின்ன வாலு பென்சிலைக் கீழே வைத்தது.

"பெரியம்மா, முதல் விதி, மெதுவான குரல்ல பேசறது. உங்க அணிக்கு ஒரு கோடு."

கோபமே இல்லாமல், மணி என்ன என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, தாளின் ஓரத்தில் ஒரு கோட்டையும் இழுத்தது.

அவள் தோளிலிருந்து பை நழுவித் தரையில் விழுந்தது. பிள்ளை செய்து காட்டியது அவளுடைய வாக்கியத்தை. 'விதியைச் சொல்லுங்கள், கோடு போடுங்கள், முகத்தில் கோபம் வேண்டாம்.' அலுவலகப் பயிற்சிக் கையேட்டின் பதினேழாம் பக்கத்தில் அவள் கைப்பட எழுதியது.

அவள் வேலை பார்ப்பது குழந்தைகள் மனநல அலுவலகத்தில், திட்ட ஒருங்கிணைப்பாளராக. ஆறு வருடமாக ஒரே ஒரு விளையாட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். வகுப்பை இரண்டு அணியாகப் பிரிக்க வேண்டும். நாலு விதி. மெதுவான குரலில் பேசுவது, இடத்தில் உட்காருவது, அடுத்தவரை இடிக்காமலிருப்பது, சொன்னதைக் கேட்பது. விதியை மீறினால் அணிக்கு ஒரு கோடு. ஐந்தாவது கோடு விழாமல் நின்ற அணி ஜெயித்த அணி. எல்லா அணியும் ஜெயிக்கலாம், அதுதான் அதன் அழகு. ஜெயித்தால் ஒரு நிமிடம் கூத்தடிக்கலாம். இவ்வளவுதான். இதை விளையாடிய பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்திருந்தார்கள். வளர்ந்த பிறகு அவர்களிடம் சண்டை குறைவு, புகை குறைவு, மனம் ஒடிந்து போவதும் குறைவு. பலன் உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பரப்புவதில்தான் சிக்கல். சுற்றறிக்கை போகும், திரும்பி வரும். கூட்டம் நடக்கும், தேதி மாறும். ஓர் ஆசிரியை நன்றாகக் கற்றுக்கொண்டால் அடுத்த வாரமே மாற்றலாகிப் போவார். ஆறு வருடத்தில் ஒன்பது பள்ளி. வாலுகளின் பள்ளி அந்த ஒன்பதில் இல்லவே இல்லை.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்று மண்டியிட்டுக் கேட்டாள். குரல் அவளை அறியாமலே மெதுவாகிவிட்டது.

"ஹாரன் மாமா," என்றன இரண்டும்.

"எங்க பஸ் ஓட்டறவரு," என்று பெரிய வாலு விளக்கியது. "நீங்க வேணா நாளைக்கு வாங்க. ஆனா வரிசையில கடைசியா நிக்கணும்."

மறுநாள் காலை ஏழு பத்துக்கு அவள் வரிசையில் கடைசியாக நின்றாள். கையில் அட்டை, அட்டையில் சரிபார்ப்புத் தாள், பன்னிரண்டு கேள்வி. எந்தப் பள்ளிக்குப் போனாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் நிரப்புகிற தாள் அது.

மஞ்சள் பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க, பீப்பாய் போன்ற மனிதர். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மேடம்! ஏறுங்க, ஏறுங்க! என்னைத் தெரியலையா? நான்தான் மேடம் இருபதாவது ஆளு!"

அவளுக்கு மெல்ல ஞாபகம் வந்தது. போன வருடம் மூன்று நாள் பயிற்சி. வந்த ஆசிரியர்கள் பத்தொன்பது பேர். ஜோடி ஜோடியாக ஒத்திகை பார்க்க ஓர் ஆள் குறைந்தது. ஆசிரியர்களை ஏற்றி வந்த ஓட்டுநர் கடைசி வரிசை நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தட்டி எழுப்பி உட்கார வைத்தாள். வருகைப் பதிவேட்டில்கூட அவரைச் சேர்க்கவில்லை.

"மூணு நாளும் கேட்டீங்களா?"

"கேக்காம? வீட்டுக்குப் போய்ப் பாடம் படிச்சேன் மேடம். வண்டியில ஆரம்பிச்சது போன மாசக் கடைசியிலதான்."

கண்ணாடிக்கு மேலே ஒரு சிலேட்டுப் பலகை. அதில் மூன்று கட்டம். இடப்பக்க வரிசை ஓர் அணி, வலப்பக்க வரிசை ஓர் அணி. மூன்றாவது கட்டத்தில் 'ஹாரன்' என்று எழுதியிருந்தது.

"இது யாரு?"

"நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் மேடம். அதுங்களுக்குக் கோடு போட்டுட்டு நான் ரோட்டுல போறவனை எல்லாம் கத்திட்டு இருந்தா ஞாயமா?"

வண்டி கிளம்பியது. நாற்பத்திரண்டு பிள்ளைகள். அவள் படியோர இருக்கையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக டிக் அடித்துக்கொண்டே வந்தாள். விதிகளைத் தொடக்கத்தில் சொன்னாரா? சொன்னார். கோடு போடும்போது யாரையும் பெயர் சொல்லி அவமானப்படுத்தினாரா? இல்லை, நிறுத்தத்தில் வண்டி நின்ற பிறகு, "ரெண்டாவது விதி, வலப்பக்கம் ஒண்ணு" என்பதோடு சரி. நல்லதைக் கவனித்துச் சொன்னாரா? "இடப்பக்கம், பை எல்லாம் மடியில இருக்கு, அருமை!"

பாலத்து வளைவில் ஓர் இருசக்கர வண்டிக்காரன் சைகை காட்டாமல் குறுக்கே பாய்ந்தான். பிரேக் கிறீச்சிட்டது. ஹாரனின் கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறந்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பெயரில் ஏற்கெனவே நாலு கோடு.

ஹாரன் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு, தேனொழுகும் குரலில் சொன்னார்: "தம்பி... நீங்க... ரொம்ப நாள்... நல்லா இருக்கணும்."

வண்டிக்காரன் மிரண்டு போய் ஓரங்கட்டி நின்றுவிட்டான்.

பள்ளிக்கு முந்தின திருப்பத்தில் ஓரமாக வண்டி நின்றது. மூன்று அணியும் ஐந்துக்குள். "ஒரு நிமிஷம், ஆடு!" என்று ஹாரன் அறிவித்ததுதான் தாமதம், நாற்பத்திரண்டு ஆடுகள் கத்தின. இருக்கையில் நின்று கத்தின, கம்பியைப் பிடித்துக் கத்தின. பீப்பாய் உடம்பு குலுங்க ஹாரன் கிடா மாதிரி கத்தினார். அவளும் கத்தினாள். முதுகலைப் பட்டமும் ஆறு வருட அனுபவமும் உள்ள அவள், அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு 'மே' என்று கத்தினாள். ஒரு நிமிடம் முடிந்ததும் பேருந்து அப்படியே அடங்கியது. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக இறங்கிப் போனார்கள்.

பன்னிரண்டுக்குப் பதினொன்று. அவளுடைய மிகச் சிறந்த ஆசிரியைக்கே பத்துதான்.

"அண்ணா, இதை உங்க பஸ்ல மட்டும்தான் விளையாடறீங்களா?"

"எங்க ஷெட்டுல பதினாலு வண்டி மேடம், என்னைப் பாத்து எல்லாத்துலயும். சுவருக்கு அந்தப் பக்கத்து ஷெட்டுல ஒரு இருபது."

முப்பத்துநாலு வண்டி. ஆயிரத்து முந்நூறு பிள்ளைகளுக்கு மேல். ஆறு வருடம் அவள் ஓடி ஓடித் தேய்ந்த செருப்பெல்லாம் கண்முன் வந்து போயின. தலைகால் புரியாத சந்தோஷத்தில், யோசிக்காமல், தன் மேலதிகாரியான இணை இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்து, "சார், முப்பத்துநாலு! முப்பத்துநாலு சார்!" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பதினோரு மணிக்கு ஷெட்டுக்குப் போனாள். காலை ஓட்டம் முடித்த ஓட்டுநர்கள் வண்டி கழுவும் இடத்தில் கூடியிருந்தார்கள். ஹாரன் ஒரு விசில் அடித்தார், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். எப்படி விளையாடுகிறீர்கள் என்று ஆவலாகக் கேட்டாள்.

"எனக்கு நாலு விதி பத்தல மேடம். பதினொண்ணு போட்டிருக்கேன்," என்றார் ஒருவர் பெருமையாக.

"நான் கோடு வாங்கறவன் பேரைக் கண்ணாடியில எழுதி ஒட்டிடுவேன்," என்றார் இன்னொருவர்.

மீசை என்று எல்லோரும் அழைத்தவர், மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "என் வண்டியில தோத்த அணி இறங்கற வரைக்கும் நின்னுட்டுத்தான் வரணும். சத்தம் மூச்சு இருக்காது!"

அவளுக்கு அழுகை முட்டியது. இது அந்த விளையாட்டே இல்லை. சாக்பீஸ் பிடித்த அதட்டல். இதையே நாலு பேர் பார்த்துவிட்டு, "அதெல்லாம் பண்ணிப் பாத்தாச்சு, ஒண்ணும் சரிப்படல" என்று சொல்லி மொத்தத்தையும் மூட்டை கட்டிவிடுவார்கள். தடை போட்டு ஒரு கடிதம் அனுப்பலாம். அனுப்பினால் ஹாரனின் ஆடுகளும் சேர்ந்து வாயை மூடும்.

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அண்ணா, சாக்பீஸ் இருக்கா?"

கழுவி நிறுத்தியிருந்த பேருந்தின் பக்கவாட்டுத் தகரத்தில் மூன்று கட்டம் போட்டாள். முப்பத்துமூன்று ஓட்டுநர்களும் மூன்று அணி. ஹாரன் கோடு போடுபவர். அவர்களுக்கும் அதே நாலு விதி. ஏன் நாலு, ஏன் எல்லாரும் ஜெயிக்கலாம், ஏன் நிற்க வைக்கக் கூடாது என்று அவள் சொல்லச் சொல்ல, பத்து நிமிடத்தில் மீசையின் அணி மூன்று கோடு வாங்கிவிட்டது.

"நான் அவரை இடிக்கவே இல்ல மேடம், அவருதான்..."

"நாலாவது விதி, சொன்னதைக் கேக்கறது," என்றார் ஹாரன் சாந்தமாக. நாலாவது கோடு விழுந்தது. மீசை வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய அணிக்காரர்கள் அவர் கையின் மேல் தங்கள் கையையும் வைத்துப் பொத்தினார்கள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இணை இயக்குநர். ஒல்லியான மனிதர், முழுக்கைச் சட்டை, யாரும் அவர் பல்லைப் பார்த்ததில்லை. காலையில் கேட்ட 'முப்பத்துநாலு' என்னவென்று அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

"என்னம்மா நடக்குது இங்க? யாரைக் கேட்டு இதெல்லாம்? வகுப்பறைத் திட்டத்தை வண்டி ஷெட்டுல..." என்று உரக்கக் கேட்டார்.

"சார்," என்றார் மீசை, வாயிலிருந்து கையை எடுத்து, மிகவும் மெதுவாக. "முதல் விதி."

ஹாரன் அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். இரண்டாவது அணிக்கு ஒரு கோடு விழுந்தது. இணை இயக்குநர் அந்த அணியின் பக்கம்தான் நின்றிருந்தார்.

அவருடைய தொலைபேசி அலறியது. இன்னொரு கோடு.

"சார், தயவு செஞ்சு அணைச்சிடுங்க சார்," என்று அணிக்காரர் ஒருவர் கெஞ்சினார். "இதோட நமக்கும் நாலு ஆயிடுச்சு."

அவர் என்ன நினைத்தாரோ, 'நமக்கும்' என்ற சொல்தான் என்ன செய்ததோ, தொலைபேசியை அணைத்துப் பையில் போட்டார். கவிழ்த்து வைத்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அடுத்த இருபது நிமிடம் அவர் கோட்டுப் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் ஒருவர் தும்மப் போனபோது தன் கைக்குட்டையை நீட்டினார்.

மூன்று அணியும் நாலு கோட்டோடு முடித்தன. "ஒரு நிமிஷம், கோழி!" என்றார் ஹாரன். முப்பத்துமூன்று ஓட்டுநர்களும் சிறகடித்தார்கள். வாளியின் மேலிருந்து மெல்லிய, சுத்தமான, சேவல் கூவல் ஒன்று எழுந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இணை இயக்குநர் கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, மனசாரக் கூவிக்கொண்டிருந்தார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வகுப்பறைன்னு எழுதியிருக்கிற எடத்துல எல்லாம் 'வகுப்பறை அல்லது பள்ளி வாகனம்'னு மாத்தி எழுதிக் குடும்மா. கையெழுத்துப் போடறேன். ஆனா பாதி வண்டி இப்ப, பாதி மூணு மாசம் கழிச்சு. ஒப்பிட்டுப் பாக்கணும். என்னை யாராவது கேட்டா நான் கோழின்னா பதில் சொல்ல முடியும்?"

சீட்டு எழுதிக் குலுக்கினார்கள். மீசைக்கு 'பிறகு' என்று வந்தது. பரீட்சையில் தோற்றவர் மாதிரி அவர் முகம் தொங்கிப் போனது.

"மூணு மாசம் நான் என்ன மேடம் பண்றது?"

"பழையபடி ஓட்டுங்க அண்ணா."

"பழையபடி எப்படி மேடம்? அப்ப தெரியாது, ஓட்டினேன். இப்ப தெரிஞ்சு போச்சே." சற்று யோசித்தார். "கோடு போடல. விளையாடல. ஆனா இனிமே ஒருத்தனையும் நிக்க வைக்க மாட்டேன். அதையும் கூடாதுன்னு சொல்லிடாதீங்க."

அவள் சொல்லவில்லை.

இரண்டரைக்கு வண்டிகள் ஒவ்வொன்றாகப் பள்ளிகளை நோக்கிக் கிளம்பின. அவள் வாசலில் நின்று கை வலிக்கும்வரை ஆட்டினாள். பிறகு கணவனை அழைத்து விஷயத்தைச் சொல்லப் பார்த்தாள். சொல்ல முடியவில்லை. சிரிப்புதான் வந்தது.

"என்னாச்சு? எங்க இருக்க? யாராவது பக்கத்துல இருக்காங்களா?" என்று அவன் பதறினான்.

மூன்று மாதம் கழித்து எண்ணிக்கை வந்தது. விளையாடிய பதினேழு வண்டிகளில் அடிதடி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மற்ற பதினேழிலும் கொஞ்சம் குறைந்திருந்தது. அதற்கு யார் காரணம் என்று அவளுக்குத் தெரியும், அறிக்கையின் அடிக்குறிப்பில் அதையும் நேர்மையாக எழுதினாள். இணை இயக்குநரிடமிருந்து பதில் வந்தது: இன்னும் இருநூறு வண்டிகள், தகுதியுள்ள பயிற்சியாளர்கள் யார் யார், உடனே தெரிவிக்கவும்.

முதல் பெயராக ஹாரனை எழுதிவிட்டு, தகுதி என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்க அவள் அவரையே அழைத்தாள். அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் எடுத்தார்.

"கனரக வாகன உரிமம்னு போடுங்க மேடம்," என்றார். "இருபத்தாறு வருஷம், ஒரு கீறல் இல்ல."

அவள் அப்படியே எழுதி அனுப்பினாள்.